ரம்புத்தான் மரத்து வீட்டைத் தேடியவர்

கண்ணாத்தாள், மாரியம்மன் கோயில் தாண்டி மூன்றாவது சந்து, கார் பட்டறைக்கு அடுத்த திருப்பம், வாசலில் ரம்புத்தான் மரம் உள்ள வீடு, கூலாய், ஜொகூர், மலேசியா.

என் பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல்கள், ஏழு வருடம் கல்லூரியில் இயற்பியல் நடத்தியதற்கான அனுபவச் சான்று, எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு ஒட்டி, என் அப்பச்சி காரைக்குடியிலிருந்து இந்த விலாசத்துக்குத்தான் அனுப்பிவைத்தார். அப்பாவை எங்கள் வீடுகளில் அப்பச்சி என்றுதான் கூப்பிடுவோம். எப்போதும் மரியாதையாகத்தான் கூப்பிடுவேன். அந்த வாரம் மட்டும் முடியவில்லை.

சரியான விலாசத்தை நான் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். வீட்டு எண், ஜாலான் கெனாங்கா 3/4, தாமானின் பெயர், அஞ்சல் குறியீடு எல்லாமே அதில் இருந்தன. இங்கே ஜாலான் என்றால் தெரு, தாமான் என்றால் குடியிருப்பு. அப்பச்சி அதைப் பார்த்துவிட்டு, "தெருவுக்கு எவனாவது முக்கால்னு பேர் வைப்பானா? இதை வச்சுக்கிட்டு தபால்காரன் எங்க போய்த் தேடுவான்?" என்று தானே முடிவுகட்டி, நான் வீடியோ அழைப்பில் எப்போதோ வழி சொன்னதை அப்படியே விலாசமாக எழுதிவிட்டார். தொலைபேசி எண்ணுக்கு, நான் இரண்டு வருடத்துக்கு முன்பே கைவிட்ட இந்திய எண்ணைக் கொடுத்திருந்தார்.

இதில் பெரிய சங்கடம் என்னவென்றால், அந்த ரம்புத்தான் மரம் அப்போது அங்கே இல்லை. அதை வெட்டவைத்தவளே நான்தான்.

இவ்வளவும் பேச்சியம்மாளைப் பற்றிச் சொல்வதற்காகத்தான். ஆனால் அவரிடம் வருவதற்கு முன்னால் என் கோபத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு.

என் கணவர் தியாகராஜன் செடெனாக்கில் ஒரு தரவு மையத்தில் குளிரூட்டும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர். அவருக்கு வேலை கிடைத்து நாங்கள் கூலாய்க்கு வந்தபோது எனக்குக் கிடைத்த அனுமதி, கணவரைச் சார்ந்து தங்குவதற்கு மட்டும். அதை வைத்து வேலைக்குப் போக முடியாது. முதல் ஆறு மாதம் ஊரை வேடிக்கை பார்ப்பதிலேயே போனது. மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் ஜாக்கெட்டை முன்பின்னாகத் திருப்பிப் போட்டிருந்தார்கள். அவசரத்தில் அப்படிப் போட்டுக்கொண்டார்கள் என்று முதலில் நினைத்தேன். காற்று நெஞ்சில் அடிக்காமலிருக்க என்று பிறகுதான் தெரிந்தது. கடை வாசலில் அடுத்தவர் காரை மறித்து நிறுத்துகிறவர் தன் தொலைபேசி எண்ணை எழுதிக் கண்ணாடி ஓரம் வைத்துவிட்டுப் போகிறார். கூப்பிட்டால் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்து வண்டியை நகர்த்திக் கொடுக்கிறார். காலையில் எதிர்ப்படும் தமிழர்கள் "பசியாறிட்டீங்களா?" என்று கேட்பார்கள். காரைக்குடியில் என்னை யாரும் அந்தச் சொல்லில் கேட்டதில்லை. அதைக் கேட்பதற்காகவே காலையில் கடைக்குப் போய் வந்த நாட்கள் உண்டு.

ஆறு மாதத்துக்குப் பிறகு வேடிக்கை தீர்ந்துவிட்டது. பார்க்கிறவர்கள் எல்லாரும் "ஹஸ்பெண்ட் எங்க வேல செய்றாரு?" என்று கேட்டார்கள். நான் என்ன படித்தேன், என்ன செய்தேன் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எங்கள் வீட்டுச் சொத்தில் அப்பச்சி எனக்கு ஒழுங்காகப் பிரித்துக் கொடுத்தது கோபம் ஒன்றைத்தான். அதைக் காய்கறிக்காரரிடமும், தண்ணீர் வராத குழாயிடமும், தியாகுவிடமும் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் வருடக் கடைசியில் செனாயில் ஒரு தனியார் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர் தேவை என்று அறிந்து விண்ணப்பித்தேன். நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். அதற்குக் கட்டிக்கொள்ள இணையத்தில் ஒரு பருத்திச் சேலை வாங்கினேன். அந்தச் சேலைதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

அன்று நல்ல மழை. பின்கட்டில் துணி துவைக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்ததால் எனக்கு எதுவும் கேட்கவில்லை. நான் முன்னால் வந்தபோது, ஜாக்கெட்டைத் திருப்பிப் போட்டிருந்த ஒரு பெண்ணின் முதுகும், இரண்டு பக்கமும் பை தொங்கிய மோட்டார் சைக்கிளும் தெருமுனையில் திரும்புவதுதான் தெரிந்தது. சேலைப் பொட்டலம், கேட்டுக்கு வெளியே கிளை நீட்டியிருந்த ரம்புத்தான் மரத்தின் கவட்டில் செருகியிருந்தது. எடுத்துப் பிரித்தேன். உள்ளே கெரெங்கா. கெரெங்கா என்றால் இந்த ஊர்ச் செவ்வெறும்பு, கடித்தால் ஒரு மணி நேரம் எரியும். சேலையின் மடிப்புக்கு மடிப்பு குடியேறியிருந்தன. என் இரண்டு கையும் வீங்கிவிட்டன.

அன்றைக்கே அந்தக் கூரியர் நிறுவனத்துக்குப் புகார் எழுதினேன். ஆங்கிலத்தில் இரண்டு பக்கம், படங்களோடு. வீட்டு விலாசம் முழுதாகக் கொடுத்து, ரம்புத்தான் மரத்தில் பொட்டலத்தைச் செருகிவிட்டுப் போன உங்கள் ஊழியர், பெயர் தெரியாது, ஒரு பெண், பொறுப்பு என்பதே இல்லாதவர் என்றெல்லாம் எழுதினேன். அதோடும் ஆறவில்லை. வீட்டுக்காரரான சீனப் பெரியவரைக் கூப்பிட்டு மரத்தை வெட்டச் சொன்னேன். இன்னும் இரண்டு மாதத்தில் பழம் வந்துவிடும், நல்ல இனிப்பு ஜாதி என்று அவர் கெஞ்சிப் பார்த்தார். நான் கையைக் காட்டினேன். மனிதர் ஆளை அனுப்பி வெட்டி, அடிக்கட்டையைக்கூட விடாமல் தோண்டி, மேலே சிமெண்டும் பூசிக் கொடுத்தார்.

நேர்முகம் பழைய சேலையோடு நன்றாகவே நடந்தது. வேலை எனக்குத்தான் என்றார்கள். ஒரே ஒரு நிபந்தனை. வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்க, அசல் சான்றிதழ்களை அந்தச் செவ்வாய்க்கிழமைக்குள் அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும். தவறினால் பட்டியலில் அடுத்த ஆள். அசல்கள் காரைக்குடியில் அப்பச்சியின் இரும்புப் பெட்டியில் இருந்தன. அதன் பிறகு நடந்ததைத்தான் முதலிலேயே சொன்னேன்.

வெள்ளிக்கிழமை, கூரியரின் இணையப் பக்கத்தில் என் உறையின் நிலவரம் இப்படி இருந்தது: கூலாய் மையம் வந்தடைந்தது, விலாசம் முழுமையில்லை, திருப்பி அனுப்பப்படும். அவர்களின் தொலைபேசியில் இயந்திரக் குரலைத் தாண்டி மனிதக் குரலை எட்டவே சனிக்கிழமை மாலையாகிவிட்டது. உறையில் உள்ள எண்ணும் என் எண்ணும் ஒத்துப்போகவில்லை, நேரில் போய்ப் பாருங்கள் என்று அந்தக் குரல் சொன்னது. ஞாயிறு மையத்துக்கு விடுமுறை. திங்கள் காலை கடவுச்சீட்டோடு போய் நின்றேன். முகப்பில் இருந்தவர் கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டு, உறை இப்போது மையத்தில் இல்லை, திரும்பிப் போயிருக்கும் என்றார். நான் போட்ட சத்தத்தில் வரிசையில் நின்ற ஆறு பேரும் ஓரடி பின்னால் போனார்கள்.

வீட்டுக்கு வந்து பள்ளிக்கு ஒரு மின்னஞ்சல் எழுத உட்கார்ந்தேன். நாளைக்குள் கொண்டுவர இயலவில்லை, மன்னிக்கவும். இரண்டே வரி. அனுப்ப மனம் வராமல் மாலைவரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருடத்தில் அன்றுதான் முதல்முறையாக, ஊருக்கே திரும்பிவிடலாம் என்று தோன்றியது. தியாகுவிடம்கூட அதைச் சொல்லவில்லை.

ஆறு மணி இருக்கும். வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. அழைப்பு மணி அடிக்கவில்லை, அது பல மாதமாகவே அடிப்பதில்லை. யாரோ கேட்டைச் சாவியால் தட்டினார்கள்.

"மேடம், இங்க ரம்புத்தான் மரம் இருந்துச்சுல்ல?"

நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண். குட்டை உருவம், வெயிலில் கறுத்த முகம், திருப்பிப் போட்ட ஜாக்கெட். அவர் என்னைப் பார்க்கவில்லை, தரையில் வட்டமாகப் பூசியிருந்த புதுச் சிமெண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருந்துச்சு. வெட்டியாச்சு. என்ன வேணும்?" என்றேன். என் குரலில் காலையில் போட்ட சத்தத்தின் மிச்சம் இருந்தது.

"அலமாக்," என்றார் அவர், மூச்சு விட்டபடி. நம் ஊர் 'அடக் கடவுளே' இங்கே அலமாக். "உங்க பேரு கண்ணாத்தாவா?"

நான் தலையாட்டினேன். அவர் உடனே எதையும் எடுத்துக் கொடுத்துவிடவில்லை. "பாஸ்போர்ட்டு எடுத்துட்டு வாங்க. கோவிச்சுக்காதீங்க, ஆளு மாறிப்போச்சுன்னா என் கத முடிஞ்சிரும்" என்றார். கொண்டுவந்து கொடுத்தேன். முதல் பக்கத்தில் என் பெயரைப் பார்த்தார். பிறகு கடைசிப் பக்கத்துக்குப் போய், அப்பா பெயர் இருக்குமிடத்தில் விரலை வைத்து, நாச்சியப்பன் என்று வாய்விட்டுப் படித்தார். உறையில் அனுப்பியவர் பெயரும் அதுதான். இந்தியக் கடவுச்சீட்டில் அப்பா பெயர் கடைசிப் பக்கத்தில் இருக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதற்குப் பிறகுதான் வண்டிப் பையைத் திறந்து, இரண்டு பிளாஸ்டிக் பைகளில் சுற்றியிருந்த உறையை எடுத்தார். ஓரத்தில் அப்பச்சியின் கையெழுத்தில் தமிழில் எழுதியிருந்தது: படிப்புச் சான்றிதழ், நனையாமல் கொடுக்கவும்.

நான் அழுதேன். தெரியாதவர் முன்னால் அழுது எனக்குப் பழக்கமில்லை. ஆனால் அன்று கேட்டைப் பிடித்துக்கொண்டு நன்றாகவே அழுதேன்.

அவர் அதைக் கண்டுகொள்ளாமல் உறையைத் தன் தொலைபேசியில் ஸ்கேன் செய்து, யாரையோ அழைத்தார். "சதாசிவம் அண்ணே, குடுத்தாச்சு. ஆறு மணி பன்னெண்டு நிமிசம். பாத்துக்குங்க." பிறகு என்னிடம் திரும்பி, "கொஞ்சம் தண்ணி கெடைக்குமா மேடம்? மத்தியானம் பசியாறல" என்றார்.

உள்ளே கூப்பிட்டேன். பூட்ஸ் அழுக்கு என்று சொல்லி முன்வாசலிலேயே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். தோசை ஊற்றிக் கொடுத்தேன். மூன்றாவது தோசையில், உறைக்குள் என்ன இருக்கிறது, நாளைக்கு ஏன் முக்கியம் என்பதெல்லாம் சொல்லி முடித்திருந்தேன். "அப்ப நீங்க டீச்சரா? மொதல்லயே சொல்லக் கூடாதா?" என்றார். அதிலிருந்து நான் டீச்சர் ஆனேன். வேலை உறுதியாவதற்கு ஒரு நாள் முன்னாலேயே அந்தப் பெயரைக் கொடுத்தவர் அவர்தான். அவர் பெயர் பேச்சியம்மாள் என்று அப்போதுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். சாப்பிட்டபடியே சொன்னார்.

பதினான்கு வருடமாக வீடு வீடாகப் பொட்டலம் கொண்டுபோகிறவர் அவர். கடந்த ஒரு மாதமாக மட்டும் மையத்துக்குள் தரம் பிரிக்கும் வேலை. வெள்ளிக்கிழமை, திருப்பி அனுப்ப வேண்டிய குவியலில் இந்த உறையைப் பார்த்திருக்கிறார். அங்கே இருந்தவர்களில் அந்தத் தமிழ் வரியைப் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். சனிக்கிழமை வேலை முடிந்ததும் மேற்பார்வையாளர் சதாசிவத்திடம் கேட்டு, தன் பெயரில் கையெழுத்துப் போட்டு உறையை வெளியே எடுத்தார். திங்கள் மாலை ஏழு மணிக்குள் கொடுத்துவிட வேண்டும், அல்லது குவியலுக்குத் திரும்ப வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் என்னால் காப்பாற்ற முடியாது என்று சதாசிவம் சொல்லியிருக்கிறார்.

"ஒங்க அப்பா மாரியம்மன் கோயில்னு எழுதிட்டாரு. இந்தப் பக்கம் ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு மாரியம்மன்லா. தோட்டத்த வித்தாலும் கோயில் நிக்குது. எனக்குத் தெரிஞ்சு ஆறு. கார் பட்டற பக்கத்துல இருக்கிற கோயில்னு பாத்தா மூணு. அப்பறம் ரம்புத்தான் மரம். அத எண்ணிப் பாத்திருக்கீங்களா டீச்சர்? வீட்டுக்கு வீடு நட்டு வச்சிருக்கானுங்க."

சனிக்கிழமை மாலையும் ஞாயிறு முழுவதும் மரம் மரமாகப் போய்க் கண்ணாத்தாள் இருக்கிறாரா என்று கேட்டிருக்கிறார். ஒரு வீட்டில் நாய் துரத்தியது. ஒரு வீட்டில் வழிபாட்டுக்கு உட்காரவைத்து சுண்டல் கொடுத்தார்கள். எங்கள் தெருவுக்கும் சனிக்கிழமையே வந்திருக்கிறார்.

"மூணாவது சந்து, பட்டற, எல்லாம் சரியா இருந்துச்சு. மரந்தான் இல்ல. சரி, இது இல்லன்னு போய்ட்டேன்."

அந்த நேரத்தில் நான் உள்ளே தொலைபேசியில் இயந்திரக் குரலோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

"அப்பறம் எப்படித் திரும்பி வந்தீங்க?"

பேச்சியம்மாள் கையைக் கழுவிவிட்டு வந்து, ஜாக்கெட்டின் உள்பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து என்னிடம் நீட்டினார். அதன் பின்பக்கத்தில், ரம்புத்தான் மரம் உள்ள வீடுகளின் பட்டியல் பேனாவில் எழுதியிருந்தது. பதினோரு வீடுகள். பதினொன்றும் அடிக்கப்பட்டிருந்தன.

"எழுதத் தாள் தேடுனேன். வண்டி சீட்டுக்குக் கீழ இதுதான் கெடந்துச்சு. இன்னிக்கு மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல பதினோராவது வீட்டையும் அடிச்சிட்டு, இனிமே எங்க போறதுன்னு தாளத் திருப்பிப் பாத்தேன். திருப்புங்க டீச்சர்."

திருப்பினேன். அது ஒரு எச்சரிக்கைக் கடிதம். மலாயில் இருந்தது. கீழே அவருடைய பெயர், நடவடிக்கை, இனி இப்படி நடந்தால் வேலை நீக்கம் என்பதெல்லாம் இருந்தன. மேலே, வாடிக்கையாளர் கொடுத்த புகார்ச் சுருக்கம். ரம்புத்தான் மரத்தில் பொட்டலம் செருகப்பட்டது. வீட்டு எண், ஜாலான் கெனாங்கா 3/4.

எனக்கு மலாய் அவ்வளவாகத் தெரியாது. அந்தப் புகார்ச் சுருக்கத்தைப் புரிந்துகொள்ள அது தேவைப்படவில்லை; மீதியைப் பேச்சியம்மாள் விரல் வைத்துச் சொன்னார்.

நான் புகார் எழுதியதால்தான் அவருடைய தெருக்களை அவரிடமிருந்து பிடுங்கி, ஒரு மாதம் உள்ளே நிற்கவைத்திருந்தார்கள். உள்ளே நின்றதால்தான் என் உறை அவர் கண்ணில் பட்டது. நான் வெட்டவைத்த மரத்தைத் தேடி அவர் இரண்டு நாள் அலைந்தார். கடைசியில் அந்த மரம் எங்கே நின்றது என்று சொன்னதும் என் புகார்தான். வாழ்க்கையில் நான் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

"இது நான்தான்," என்றேன்.

"தெரியும். சனிக்கிழம மரம் இல்லாததால வீடு அடையாளம் தெரியல. இன்னிக்கு அட்ரஸப் பாத்தப்பவே தெரிஞ்சிருச்சு."

"தெரிஞ்சுமா வந்தீங்க?"

"கோவம் இல்லன்னு சொல்லமாட்டேன் டீச்சர். நாளு முழுக்க நின்னு காலு வீங்கிப்போச்சு. அன்னிக்கு ஒங்க பெல்லு வேல செய்யல, மூணு தடவ கூப்ட்டேன், ஆளு வரல. கீழ வச்சா நனைஞ்சிரும்னு மரத்துல வச்சேன். கெரெங்கா கூடு இருக்கான்னு பாக்கல, அது என் தப்பு. ஆனா பொறுப்பில்லாதவன்னு எழுதியிருந்தீங்க பாருங்க, அது எனக்கு வலிச்சிச்சு." உறையைக் காட்டினார். "கோவம் என்னோடது. லெட்டர் ஒங்களோடது. ரெண்டையும் ஒண்ணா கட்டி ரிட்டன் பண்ண முடியுமா?"

நான் மன்னிப்புக் கேட்டேன். சுற்றி வளைக்காமல், செய்தது தப்பு அக்கா, மன்னித்துவிடுங்கள் என்று கேட்டேன். அவர் சரி என்றோ பரவாயில்லை என்றோ சொல்லவில்லை. அதற்குப் பதிலாக ஒரு கதை சொன்னார்.

செடெனாக் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில், அதாவது எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில், பிறந்து வளர்ந்தவர் அவர். தோட்டத்து வீடுகளுக்குத் தனித்தனி விலாசம் கிடையாது. தபால் எல்லாம் தோட்டத்து ஆபீசுக்கு வரும், பெயரைக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். பேச்சியம்மாளின் அப்பா பெயர் செல்லப்பன். அந்தத் தோட்டத்தில் ஏழு செல்லப்பன்கள் இருந்தார்கள். பதினெட்டு வயதில் தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பித்திருந்தார். இடம் கிடைத்த கடிதம் வேறொரு செல்லப்பன் வீட்டுக்குப் போய், சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக உட்கார்ந்துகொண்டது. அந்த வீட்டில் படிக்கத் தெரிந்தவர் இல்லை. வெள்ளையடிக்கப் படத்தை இறக்கியபோது கடிதம் கிடைத்தது. அதற்குள் வகுப்புத் தொடங்கி மூன்று மாதமாகியிருந்தது.

"அந்த செல்லப்பன் மாமா பாவம், எங்க வீட்டு வாசல்ல வந்து அழுதாரு. அவர என்ன சொல்றது?" என்றார் பேச்சியம்மாள். "அதுலேருந்து எனக்கு ரிட்டன் குவியலப் பாத்தா ஆகாது."

இதைச் சொன்னபோது அவர் குரலில் கசப்பு எதுவும் இல்லை. பிறகு செனாயில் மின்னணுத் தொழிற்சாலையில் பத்து வருடம், அது மூடியதும் கூரியர். பெண்கள் யாரும் மோட்டாரில் போகாத வேலை என்று சொன்னார்களாம். அப்படியானால் நான்தான் முதல் ஆள் என்று சேர்ந்துவிட்டாராம். கணவர் வீரமுத்து செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். மகள் லோஷினி சிங்கப்பூரில் ஆய்வுக்கூட வேலை.

கிளம்பும்போது நான் கேட்டேன், "அக்கா, இந்தப் புகாரை வாபஸ் வாங்கிக் கடிதம் எழுதறேன். யாருக்கு எழுதணும்?"

"எழுதுங்க. இந்தத் தடவ பேர எழுதுங்க. போன தடவ ஒரு பெண்ணுன்னு எழுதியிருந்தீங்க."

"எச்சரிக்கைக் கடிதத்தைக் கிழிச்சிரலாமா?"

அவர் என் கையிலிருந்து தாளைச் சட்டென்று வாங்கி மடித்து உள்ளே வைத்தார். "வேணாம்லா. பதினோரு ரம்புத்தான் வீடு இருக்கு இதுல. சீசனுக்கு வேணும்."

அன்று நாள் முழுவதிலும் நான் சிரித்தது அப்போதுதான்.

செவ்வாய்க்கிழமை காலை பள்ளியில் அசல்களைப் பார்த்தார்கள். அனுமதி வர ஏழு வாரமானது. அப்பச்சிக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் விவரமாகச் சொல்லித் திட்டலாம் என்று கூப்பிட்டேன். சேர்ந்துவிட்டது என்ற ஒரு வார்த்தையைக் கேட்டதும் மீதியை அவர் காதில் வாங்கவில்லை. "பார்த்தியா, வழியை ஒழுங்காச் சொன்னா எந்த நாட்டுலயும் கொண்டுவந்து குடுத்துருவான். முக்காலாம் முக்கால்" என்று வைத்துவிட்டார்.

நிறுவனத்துக்கு என் இரண்டாவது கடிதம் ஒரே பக்கம். அழைப்பு மணி பழுதானது, மழை பெய்தது, மரத்தில் வைத்தது பொட்டலம் நனையாமலிருக்கத்தான் என்பதை எழுதினேன். பேச்சியம்மாள் செல்லப்பன் என்ற பெயரை ஆறு இடத்தில் எழுதினேன். அதற்குத் தானியங்கிப் பதில்தான் வந்தது. மறுபடி எழுதினேன். மறுபடி தானியங்கி. மூன்றாம் முறை நேரில் போனேன். அதே முகப்பில் அதே மனிதர். என்னைக் கண்டதும் எழுந்து நின்று, மேலாளரைக் கூப்பிட்டுவிட்டார். என் கோபம் முதல்முறையாக உருப்படியான ஒரு வேலைக்குப் பயன்பட்டது. அடுத்த வாரம் பேச்சியம்மாளுக்கு அவருடைய தெருக்கள் திரும்பக் கிடைத்தன.

அதற்குப் பிறகு அவர் வேலை செய்யும் விதத்தைக் கவனிக்க ஆரம்பித்தேன். ஒரு சனிக்கிழமை என் காரில் பின்னாலேயே போய்க்கூடப் பார்த்தேன். ஒரு நாளைக்கு நூறு வீட்டுக்கு மேல். தெருவில் உள்ள நாய்களுக்கெல்லாம் பெயர் வைத்திருக்கிறார், கடிக்கிற நாய்க்கு மட்டும் பிஸ்கெட் இரண்டு. தொழிற்சாலை விடுதியில் தங்கியிருக்கும் நேப்பாளத்துப் பையன்களின் பொட்டலங்களில் அறை எண் இருக்காது. அவர்கள் முகத்தையும் பெயரையும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார். சீன மூதாட்டி ஒருவரிடம் ஹொக்கியனில் பேசி, பெட்டியைப் பிரித்துக் கொடுத்து, உள்ளே இருந்த மின்விசிறியை மாட்டியும் கொடுத்துவிட்டு நகர்ந்தார். விலாசத்தைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படிப்பதுதான் அவர் வழக்கம். "ஊரு மொதல்ல, ஆளு கடைசி. ஆனா வாசல்ல போய் நின்னா ஆளுதான் மொதல்ல" என்றார் ஒருமுறை. நான் ஏழு வருடம் பாடம் நடத்தியவள். என் வேலையில் இவ்வளவு கவனத்தோடு இருந்தேனா என்று அன்று யோசித்தேன். இருந்ததாகச் சொல்ல முடியவில்லை.

கூலாயில் யாராவது புதிதாக அறிமுகமானால் இப்போதும் கணவர் எங்கே வேலை என்றுதான் கேட்கிறார்கள். சொல்கிறேன். கேட்காவிட்டாலும் என் வேலையையும் சொல்கிறேன்.

வீட்டுக்காரரிடம் போய், வெட்டிய இடத்தில் வேறு ரம்புத்தான் கன்று வைக்கட்டுமா என்று கேட்டேன். அவர் தானே ஒரு ஒட்டுக்கன்று வாங்கிவந்து கொடுத்தார். சிமெண்டை உடைத்து நட்டிருக்கிறோம். இப்போது முழங்கால் உயரம். அதில் பொட்டலம் செருக இன்னும் பல வருடம் ஆகும்.

அதுவரைக்கும் என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. நான் காலை ஆறரைக்குப் பள்ளிக்குக் கிளம்பிவிடுகிறேன், தியாகு ஏழு மணிக்கு. பகலில் வீட்டில் ஆள் இல்லை. எங்கள் கேட்டுப் பூட்டுக்கு மூன்று சாவிகள். ஒன்று என்னிடம், ஒன்று தியாகுவிடம். மூன்றாவது, பேச்சியம்மாளின் மோட்டார் சாவியோடு சேர்ந்து தொங்குகிறது.